தோலைத் தேடிப் போகும் டி செல்லைக் காட்டிக்கொடுக்கும் சர்க்கரை

வளர்ந்த ஒரு மனிதரின் தோலில் ஏறத்தாழ 2,000 கோடி டி செல்கள் (நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) குடியிருக்கின்றன. ரத்தத்தில் சுற்றிவரும் டி செல்களைப் போல இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரேச்சல் கிளார்க், தாமஸ் கப்பர் முதலான ஆய்வாளர்கள் 2006-இல் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். டி செல் என்றாலே ரத்தம், நிணநீர்க்கணு, மண்ணீரல் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு அது கொஞ்சம் தூக்கிவாரிப்போடும் எண்தான்.

அத்தனை செல்கள் தோலுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் கலந்திருக்கும் ஒரு செல், குடலிலோ நுரையீரலிலோ இறங்காமல் தோலில் மட்டும் இறங்குவது எதனால்? ஆய்வகத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரத்த மாதிரியில் இருக்கும் லட்சக்கணக்கான வெள்ளணுக்களில் தோலுக்குப் போகக்கூடியவை எவை என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு அவர்கள் கை வைப்பது ஒளிரும் சாயம் ஏற்றிய ஓர் ஆன்டிபாடியின் மேல், அதாவது குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தின் மேல். அது தேடிப் பிடிக்கும் அடையாளத்துக்கு கியூட்டேனியஸ் லிம்ஃபோசைட் ஆன்டிஜென், சுருக்கமாக சிஎல்ஏ, என்று பெயர். ஆன்டிபாடியின் பெயர் ஹெகா-452.

சின்னக் குப்பியில், ஃப்ரிட்ஜில், வெளிச்சம் படாமல் வைக்கப்படும் இந்தப் பொருளைப் பற்றி விற்பனைப் பக்கங்களில் நாலு வரிதான் இருக்கும். ‘தோல் நாடும் டி செல்களின் குறியீடு’ என்று அதில் ஒரு வரி. அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி முடிவை எழுதினால் சிக்கல் வரும். காரணம், இந்த ஆன்டிபாடி உண்மையில் பற்றிக்கொள்வது ஒரு சர்க்கரை வடிவத்தை. இதன் பலமும் இதன் தொல்லைகளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் செல் எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். ரத்தநாளத்துக்குள் வேகமாக அடித்துச்செல்லப்படும் டி செல் நினைத்த இடத்தில் சட்டென்று நிற்க முடியாது. ஓடும் பஸ்ஸின் கம்பியை எட்டிப் பிடித்து, கூடவே நாலு எட்டு ஓடி, பிறகு தொற்றிக்கொள்வார்களே, ஏறத்தாழ அந்த மாதிரிதான் இங்கும் நடக்கிறது. தோலின் சிறு நாளங்களின் உட்சுவரில் ஈ-செலக்டின் என்ற புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண நேரத்திலேயே தோலில் அது கொஞ்சம் இருக்கும். அழற்சி வந்தால் எகிறும். டி செல்லின் மேல் இருக்கும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரை இந்த ஈ-செலக்டினைத் தொட்டுத் தொட்டு விடுகிறது. ஒவ்வொரு தொடுகையிலும் வேகம் குறைந்து, செல் சுவரோரமாக உருள ஆரம்பிக்கிறது.

உருளும் செல் சுவரில் ஒட்டியிருக்கும் வேதிச் சமிக்ஞைகளை உணர்கிறது. சிசிஎல்17 என்ற கெமோகைனுக்கு (செல்களை ஈர்க்கும் சமிக்ஞைப் புரதம்) சிசிஆர்4 என்ற ஏற்பி, சிசிஎல்27-க்கு சிசிஆர்10 என்ற ஏற்பி. இதில் சிசிஎல்27-ஐச் சுரப்பவை தோலின் மேலடுக்குச் செல்களான கெரட்டினோசைட்டுகளே. பொருத்தமான சமிக்ஞை கிடைத்தால் டி செல்லின் எல்எஃப்ஏ-1 போன்ற இன்டெக்ரின்கள் என்ற ஒட்டும் புரதங்கள் விழித்துக்கொண்டு சுவரை இறுகப் பற்றுகின்றன. செல் நிற்கிறது, சுவரின் இடுக்கு வழியாகத் தோலுக்குள் நுழைகிறது. உருளல், சமிக்ஞை, இறுக்கம் ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால்தான் வேலை நடக்கும். சிஎல்ஏ சம்பந்தப்படுவது முதல் கட்டத்தில் மட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும்.

சரி, சிஎல்ஏ என்பது என்ன? டி செல்களின் மேற்பரப்பில் பிஎஸ்ஜிஎல்-1 என்றொரு புரதம் உண்டு. ரத்தத்தில் இருக்கும் டி செல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தோலுக்குப் போகும் செல்லிலும் அதே புரதம்தான், அதே மரபணுதான். வித்தியாசம் புரதத்தின் மேல் பூசப்படும் சர்க்கரைச் சங்கிலிகளில். எஃப்யூசிடி-7 என்ற நொதி அந்தச் சங்கிலியில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்கிறது. நுனியில் சியாலிக் அமிலமும் இருக்க, சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற வடிவம் உருவாகிறது. ஈ-செலக்டின் பிடிப்பது இதைத்தான். ஹெகா-452 பிடிப்பதும் இதையும் இதை ஒத்த வடிவங்களையும்தான். சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதியை ஊற்றிக் கழுவினால் புரதம் அப்படியே இருக்கும், ஆன்டிபாடி மட்டும் ஒட்டாது. பிஎஸ்ஜிஎல்-1 மட்டுமில்லை, சிடி43, சிடி44 போன்ற வேறு புரதங்களும் இதே சர்க்கரையைச் சுமந்து வரலாம் என்று பின்னால் தெரியவந்தது.

ஆக, ஒரு செல்லுக்கு சிஎல்ஏ இருக்கிறதா என்று ஆர்என்ஏவை மட்டும் படித்துச் சொல்ல முடியாது. ஒற்றைச் செல் ஆர்என்ஏ வரிசையாக்கம் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்திலும் இந்தப் பழைய ஆன்டிபாடி வேலையிழக்காமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். எஃப்யூசிடி-7 மரபணு ஓடுகிறதா என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். மேற்பரப்பில் சர்க்கரை உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்பதற்கு அதைத் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தச் சர்க்கரைப் பூச்சு பிறவியிலேயே வருவதில்லை. இன்னும் எந்த ஆன்டிஜெனையும் (எதிர்க்க வேண்டிய அந்நியப் பொருளை) சந்திக்காத புது டி செல்லில் சிஎல்ஏ கிடையாது. தோலிலிருந்து நிணநீர் வடியும் கணுக்களில் அது முதன்முதலாகத் தூண்டப்படும்போதுதான் சிஎல்ஏ முளைக்கிறது. ஐஎல்-12 என்ற சமிக்ஞைப் புரதம் இருந்தால் கூடும், ஐஎல்-4 என்ற இன்னொன்று இருந்தால் குறையும். குடலைச் சேர்ந்த கணுக்களில் கதையே வேறு. அங்கே வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் ஆல்ஃபா4-பீட்டா7, சிசிஆர்9 ஆகிய குடல் நாடும் ஏற்பிகளைத் தூண்டிவிட்டு, செல்லைக் குடலுக்குத் திருப்பிவிடுகிறது. எந்த வாசல் வழியாகக் கிருமி வந்ததோ அந்த வாசலுக்கே நினைவுச் செல்லை (ஒருமுறை சந்தித்த எதிரியை நினைவில் வைத்திருக்கும் டி செல்லை) திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது.

இந்த ஆன்டிபாடி தோலுக்காகத் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது அன்று. 1980களில், நிணநீர்த் திசுக்களில் வெள்ளணுக்கள் உள்ளே நுழைய வழிவிடும் உயரமான உட்சுவர்ச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், அவற்றை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி வேண்டும் என்று எலிகளில் உருவாக்கியதுதான் ஹெகா-452. 1988-இல் வெளியான கட்டுரையில் அது நாளங்களைக் காட்டும் கருவியாகத்தான் வருகிறது. அப்புறம் லூயிஸ் பிக்கர், யூஜீன் புட்சர் முதலானோர் பலவகைத் திசுத் துண்டுகளில் அதைப் போட்டுப் பார்த்தபோது, தோலில் இருக்கும் டி செல்கள் பெரும்பாலும் ஒளிர்கின்றன, மற்ற உறுப்புகளின் டி செல்கள் அவ்வளவாக ஒளிரவில்லை என்பது தெரிந்தது. 1990-இல் அது வெளிவந்தது. மறு ஆண்டே ஈ-செலக்டின் தோல் நாடும் டி செல்களைப் பிடிக்கும் மூலக்கூறு என்று நேச்சர் இதழில் காட்டினார்கள். அப்போது ஈ-செலக்டினுக்கு இலாம்-1 என்று பெயர். சிஎல்ஏ என்பது பிஎஸ்ஜிஎல்-1-இன் சிறப்பு வடிவம் என்று ராபர்ட் ஃபுல்பிரிக்கும் கப்பரும் 1997-இல் நிறுவினார்கள். கருவி கைக்கு வந்து ஏறத்தாழ ஒன்பது வருடம் கழித்துத்தான் அது எதைப் பிடிக்கிறது என்பது முழுசாகப் புரிந்தது. உயிரியலில் இது அபூர்வமான வரிசை ஒன்றுமில்லை.

ஒளிரவைக்கும் உத்தி இதைவிடப் பழையது. 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் ஆன்டிபாடியில் சாயத்தைக் கட்டி, நுண்ணோக்கியில் நிமோகாக்கஸ் கிருமியைக் காட்டினார். அவர் முதலில் பயன்படுத்திய சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுக்களும் தம் பங்குக்கு நீலமாக ஒளிர்வதால் எது சாயம், எது திசு என்று குழப்பம். அதனால் பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசினுக்கு மாறினார். 1958-இல் அதன் கையாள எளிதான வடிவமான எஃப்ஐடிசி வந்தது. இன்றும் ஹெகா-452 இந்த எஃப்ஐடிசி கட்டிய வடிவில் கிடைக்கிறது. சுமார் 495 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை வாங்கி, 519-க்கு அருகில் பச்சையாகத் திருப்பித் தரும். ஃப்ளோ சைட்டோமீட்டர்களில் மிகப் பரவலாக இருக்கும் 488 நானோமீட்டர் நீல லேசருக்கு இது அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது.

ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு பச்சை, எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சிவப்பு என்று கருவி குறித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் லட்சம் செல்களைப் படித்துவிடலாம். பல நிறங்களை ஒரே நேரத்தில் பார்க்க முடிவது இங்கே வசதிக்காக மட்டும் இல்லை, கட்டாயம். ஏனென்றால் சிஎல்ஏ டி செல்லின் தனிச்சொத்து கிடையாது. மோனோசைட்டுகள், நியூட்ரோஃபில்கள், இயற்கைக் கொல்லிச் செல்களில் ஒரு பகுதி, தோலின் லாங்கர்ஹான்ஸ் செல்கள் எல்லாமே ஹெகா-452-ஐப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தை எடுத்துப் பச்சையாக ஒளிர்வதையெல்லாம் எண்ணி ‘தோல் நாடும் செல்கள் இத்தனை சதவீதம்’ என்று எழுதினால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. சிடி3 என்ற மேற்பரப்புக் குறியீட்டை வைத்து டி செல்லைப் பிரித்து, சிடி4-ஆ சிடி8-ஆ என்று பார்த்து, சிடி45ஆர்ஓ வைத்து நினைவுச் செல்லாக வடிகட்டி, அதற்கு அப்புறம் சிஎல்ஏவைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ரத்தத்தின் நினைவு டி செல்களில் சிறுபான்மைதான் சிஎல்ஏ உள்ளது. தோலில் இருக்கும் டி செல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அது உண்டு.

இன்னொரு விசேஷம் இந்த ஆன்டிபாடியின் உடல்வாகு. ஆய்வகங்களில் புழங்கும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஐஜிஜி: எடை சுமார் 150 கிலோடால்டன், பிடிக்கும் முனைகள் இரண்டு. ஹெகா-452 எலியின் (சுண்டெலியின் அல்ல) ஐஜிஎம். ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு, எடை 900 கிலோடால்டனுக்கு மேல், பிடிக்கும் முனைகள் பத்து. சர்க்கரையை ஒற்றை முனை பற்றும் பிடி பொதுவாகத் தளர்வானது. பத்து முனைகள் சேர்ந்து பற்றும்போது இறுகுகிறது. அது நன்மை. ஆனால் இவ்வளவு பெரிய மூலக்கூறு தேவையில்லாத இடங்களிலும் ஒட்டிக்கொள்ளும், முக்கியமாகச் செத்த செல்களில். செத்த செல்லைத் தனியாகக் காட்டும் சாயம் ஒன்றைக் கூடவே போட்டு அவற்றை விலக்காமல் இந்தச் சோதனையைச் செய்வது வீண்வேலை என்பது என் கருத்து. ஒப்பீட்டுக்கு வைக்கும் ஐசோடைப் கன்ட்ரோலும் (சோதிக்கும் இலக்கைப் பிடிக்காத, அதே வகை ஆன்டிபாடி) எலி ஐஜிஎம்மாகவே இருக்க வேண்டும். அலமாரியில் இருக்கிறதே என்று ஐஜிஜியை எடுத்து ஊற்றினால் ஒப்பீடு செல்லாது.

கோடு எங்கே போடுவது என்பதும் தலைவலிதான். சிடி4 மாதிரியான குறியீடுகளில் உள்ளது ஒரு குவியல், இல்லாதது ஒரு குவியல் என்று படத்தில் தெளிவாக விழும். சிஎல்ஏ அப்படி விழாது. கொஞ்சம் சர்க்கரை, நடுத்தரம், நிறைய என்று ஒரு சரிவாக நீளும். இந்தச் சரிவில் எங்கே வெட்டினாலும் யாராவது கேள்வி கேட்பார்கள். மற்ற எல்லா நிறங்களையும் போட்டு சிஎல்ஏவை மட்டும் விட்டுவிட்ட ஒரு குழாயை ஓட்டி, அந்தப் பின்னணிக்கு மேலே வருவதை எண்ணுவதே ஓரளவு நியாயமான வழி. எஃப்ஐடிசியின் பச்சை வெளிச்சம் பக்கத்து நிறத்தில் ஒளிரும் பிஇ என்ற சாயத்தின் வாய்க்காலுக்குள் கசியும் என்பதால் அந்தக் கசிவையும் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். எவ்வளவு ஆன்டிபாடி போடுவது என்பதை ஒவ்வொரு புதுக் குப்பிக்கும் நீர்த்துப் பார்த்து நிர்ணயிப்பது நல்லது. தயாரிப்பாளர் அச்சிட்ட அளவு ஒரு தொடக்கப்புள்ளி, அவ்வளவே.

ரத்தத்தை விட்டுத் தோலுக்குள் போனால் கஷ்டம் இரட்டிப்பாகிறது. தோல் துண்டிலிருந்து செல்களைப் பிரித்தெடுக்க கொலாஜனேஸ், டிரிப்சின் போன்ற நொதிகளில் ஊறவைப்பார்கள். டிரிப்சின் புரதத்தை வெட்டும். சிஎல்ஏவின் சர்க்கரை ஒட்டியிருக்கும் புரதமே வெட்டுப்பட்டால் சர்க்கரையும் சேர்ந்து போய்விடும், பிறகு ‘இந்த நோயாளியின் தோலில் சிஎல்ஏ குறைவு’ என்று தப்பான முடிவு வரும். ரத்தச் செல்களையும் அதே நொதியில் அதே நேரம் ஊறவைத்து, சாயம் முன்போலவே ஒட்டுகிறதா என்று பார்ப்பது இதற்கு எளிய சோதனை. திசுத் துண்டை நேராக நுண்ணோக்கியில் பார்ப்பதென்றால் கூன்ஸுக்கு வந்த அதே பிரச்சினை நிறம் மாறி வரும். தோலின் கொலாஜனும் எலாஸ்டினும் பச்சைப் பக்கமாகத் தாமாகவே ஒளிரும், எஃப்ஐடிசியும் பச்சை. அங்கே அடர்சிவப்பில் ஒளிரும் சாயம் ஏற்றிய வடிவத்துக்கு மாறிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சுண்டெலியில் இந்த ஆன்டிபாடி கைகொடுக்காது. தோல் நாடும் பண்பு சுண்டெலியின் டி செல்களுக்கும் உண்டு. ஆனால் அவற்றை ஹெகா-452 அடையாளம் காண்பதில்லை. அங்கே ஈ-செலக்டினையோ பி-செலக்டினையோ ஆன்டிபாடியின் வால் பகுதியோடு இணைத்துச் செய்த கலப்புப் புரதத்தை ஊற்றி, எந்தச் செல் அதைப் பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அது இன்னும் நேர்மையான சோதனை. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதற்குப் பதிலாக, பிடிக்கிறதா என்றே கேட்டுவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டுப் பார்ப்பதால் என்ன தெரிந்தது? ஒவ்வாமை பற்றிய ஒரு பழைய புதிருக்குப் பாதி விடை கிடைத்தது. பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் சிலருக்குத் தோலில் எக்ஸிமா (அரிக்கும் தோல் அழற்சி) வரும், சிலருக்கு வயிற்றில் மட்டும் தொந்தரவு. பாலின் புரதமான கேசினால் தூண்டியபோது எக்ஸிமா வரும் குழந்தைகளின் டி செல்களில் சிஎல்ஏ கூடுதலாக இருந்தது என்று 1995-இல் ஒரு குழு காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், தூசிப்பூச்சி ஒவ்வாமையால் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்ற எக்ஸிமா வகை வந்தவர்களில் அந்த ஒவ்வாமைக்குப் பதில் கொடுக்கும் நினைவுச் செல்கள் சிஎல்ஏ உள்ள பிரிவில் இருந்தன. ஆஸ்துமா வந்தவர்களில் சிஎல்ஏ இல்லாத பிரிவிலும் இருந்தன. எதிரி ஒன்றே, எதிர்க்கும் செல் போகும் ஊர் வேறு. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து போன சில வாரங்களில் உடம்பெல்லாம் துளித்துளியாகச் சொரியாசிஸ் வெடிப்பதற்கும் இந்தப் பக்கமிருந்து ஒரு விளக்கம் உண்டு. அந்தக் கிருமியின் நச்சுப்பொருள்கள் ஐஎல்-12 வழியாக டி செல்களில் சிஎல்ஏவை ஏற்றிவிடுகின்றன என்பது சோதனைக்குழாயில் காட்டப்பட்டிருக்கிறது. தோலில் தொடங்கும் டி செல் லிம்ஃபோமாக்களின் புற்றுச் செல்களிலும் பல நேரம் சிஎல்ஏ இருக்கும்.

சிஎல்ஏதான் நுழைவுக்கு வழி என்றால், வழியை அடைத்து நோயை நிறுத்தலாமே என்று யாருக்கும் தோன்றும். சொரியாசிஸ் நோயாளிகளில் ஈ-செலக்டினை மறிக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் முடிவு வந்தது: பலனில்லை. எல்எஃப்ஏ-1-ஐ மறிக்கும் எஃபலிசுமாப் சொரியாசிஸுக்கு வேலை செய்தது. 2003-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் எல்எஃப்ஏ-1 தோலுக்கு மட்டும் உரியதில்லை. மூளையைத் தாக்கும் பிஎம்எல் என்ற அபூர்வ வைரஸ் நோய் சிலருக்கு வந்ததால் 2009-இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். சிசிஆர்4-ஐக் குறிவைக்கும் மொகாமுலிசுமாப் மட்டும் தோல் லிம்ஃபோமாவுக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று நிலைத்தது. அது வழியை அடைப்பதோடு நிற்பதில்லை, செல்லையே கொல்கிறது.

ஈ-செலக்டினை மறித்தது ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பல காரணம் சொல்லலாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது கிளார்க் குழுவின் கணக்குதான். அழற்சி இல்லாத சாதாரண நேரத்தில் சிஎல்ஏ உள்ள நினைவு டி செல்களில் சுமார் 98 சதவீதம் தோலுக்குள்ளேயே இருக்கின்றன. ரத்தத்தில் நாம் பிடிப்பது மிச்சம் இருக்கும் சொச்சத்தை. உள்ளே இருக்கும் கூட்டம் அங்கேயே தங்கி அங்கேயே சண்டை போடும்போது வாசலில் காவல் போட்டு என்ன ஆகப்போகிறது? 2012-இல் இதே குழு இன்னொன்றையும் காட்டியது. லுகீமியா வகைத் தோல் லிம்ஃபோமாவுக்கு அலெம்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து கொடுத்தவர்களில் ரத்தத்தின் டி செல்கள் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டன. தோலில் குடியிருந்த செல்கள் தப்பித்துக்கொண்டன. ரத்த மாதிரியை மட்டும் பார்த்தவருக்கு அந்த நோயாளியிடம் டி செல்லே இல்லை என்று தோன்றியிருக்கும்.

அதனால் ரத்தத்தில் சிஎல்ஏ கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று வரும் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் செல்கள் தோலுக்குப் போய்க்கொண்டிருப்பவையா, தோலிலிருந்து திரும்பி வருபவையா? குடியிருக்கும் செல்கள் வெளியே வருவதே இல்லை என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதத் தோலில் குடியிருக்கும் சிடி4 நினைவுச் செல்களில் ஒரு பகுதி ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது, அவற்றை சிஎல்ஏவோடு சிடி103 என்ற குறியீட்டையும் சேர்த்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியது. சர்க்கரை இரண்டு திசையிலும் ஒரே மாதிரிதான் ஒளிரும். திசையைத் தெரிந்துகொள்ள சிஎல்ஏவின் பச்சைக்குப் பக்கத்தில் சிடி103-க்கென்று இன்னொரு நிறத்தைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.